ஆயுதபூஜையன்று கேரியரில் பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு

பாகூர் பக்கம் சைக்கிளில் வரலாமா, வழி எப்படி இருக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரலாம். அந்த வழியில் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். சைக்கிளில் முழுதாகப் போனது ஒரே ஒரு முறைதான். அதுவும் நான் ஓட்டவில்லை, பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனேன். எண்பத்திரண்டாம் வருடம், ஆயுதபூஜை அன்று. மடியில் மூன்று வயது மகன் பாபு. அவன் மூக்குக்குள் ஒரு பிளாஸ்டிக் மணி.

மணி எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். என் வீட்டுக்காரர் சேலியமேட்டிலிருந்து புதுச்சேரி மில்லுக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்தார். போக இருபது கிலோமீட்டர், வர இருபது. மில் ஸ்டாண்டில் யார் சைக்கிள் அழகு என்பதில் அவர்களுக்குள் பெரிய போட்டி. இவர் கம்பி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருந்தார். சீட்டுக்குக் குஞ்சம், ஹேண்டில்பாரில் இரண்டு கண்ணாடி, பின் மட்கார்டில் சிங்கம் போட்ட ரப்பர். எனக்குப் பட்டுப்புடவை எடுக்கக்கூட இத்தனை கடை ஏறி இறங்கவில்லை. அந்த வருடம் புதிதாக வந்தது ஸ்போக்ஸ் மணி. பட்டாணி அளவில் கலர் கலராக இருக்கும். ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியிலும் இரண்டு மூன்றாக அழுத்தி மாட்டுவார்கள். சைக்கிள் மெதுவாகப் போனால் மணிகள் சறுக்கி விழுந்து டக் டக்கென்று சத்தம் போடும். வேகம் எடுத்தால் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும்.

பூஜைக்கு சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் இரண்டு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு வாசலில் நிறுத்தினார். சூடம் காட்டி முடிந்தது. பொரி தின்றுகொண்டிருந்த பாபு திடீரென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். பொட்டுக்கடலை போயிருக்கும் என்றார் மாமியார். வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே பச்சையாக ஏதோ மின்னியது. மாட்டி மீந்த மணிகள் தாம்பாளத்தில் கிடந்தன, அதில் ஒன்று.

பாகூரில் ஒரு கம்பவுண்டர் இருக்கிறார், அங்கே போகலாம் என்றால் எப்படிப் போவது? டவுன் பஸ்ஸுக்கும் மாலை போட்டு நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் படைத்த சைக்கிளை மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டித்தான் எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தனிடம் ஓடினேன். அவர் சைக்கிளும் மாலையோடு நின்றது. எதிர்வீட்டிலும் அப்படியே. தெரு நெடுக சைக்கிள், ஒன்றைக்கூட எடுக்க முடியாது.

"படைச்ச வண்டிய நகத்தக் கூடாதும்மா. எதுனா ஆய்டப் போவுது" என்றார் கோவிந்தன். நல்ல மனுஷன், குழந்தைக்காக வேண்டிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திரும்பி வந்து எங்கள் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் எட்டி உதைத்தேன்.

"இன்னாடி பண்ற? சாமி கோச்சிக்கும்டி" என்று மாமியார் அலறினார்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், அத்தே. ஏங்க, ஏறுங்க."

இவர் உடனே ஏறினார். நானும் பாபுவைத் தூக்கிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தேன்.

சேலியமேட்டிலிருந்து பாகூர் வரை ரோடு இப்போது வழுவழுவென்று இருக்கிறது. அன்று வெறும் சரளைக் கல். ஒவ்வொரு குலுக்கலிலும் மணி இன்னும் உள்ளே போகிறதோ என்று பாபுவின் தலையை என் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கம்பவுண்டர் வீட்டு வாசலிலேயே டார்ச் அடித்துப் பார்த்தார். "யாரும் நோண்டாதீங்க. உள்ள போய் மூச்சுக்குழாய்ல எறங்கிட்டா ஆபத்து. மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, தூங்க வுடாதீங்க. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை இவர் கிட்டவே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்.

ஏரிக்கரை வழியாகக் கிருமாம்பாக்கம் போனோம். நீங்கள் போகும்போது ஏரியை நின்று பாருங்கள். மழைக்காலத்தில் கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர்தான். நான் பார்க்கவில்லை. பாபுவுக்குக் கண் சொக்கியது. கன்னத்தைத் தட்டுவதும், கூப்பிடுவதும், அழ வைப்பதுமாக வந்தேன். நடுவே டக் டக்கென்று மணிச் சத்தம் கேட்கும்; வேகம் குறைகிறது என்று தெரியும். "மிதிங்க, மிதிங்க" என்று அவர் முதுகில் குத்துவேன். சத்தம் அடங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி டக் டக்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோடு வந்து சேரும். பஸ் பிடித்துவிடலாம் என்று இறங்கினோம். வந்த இரண்டு பஸ்ஸும் படிக்கட்டில் ஆள் தொங்க, நிற்காமலே போயின. வரும் வழியிலேயே முன்சக்கரத்தில் வாழையிலை சுற்றிச் சிக்கியிருந்தது. இவர் குனிந்து அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். குழந்தையை விட்டுவிட்டு வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. "உங்க சிங்காரத்தால வந்த வினதான இது?" என்று கேட்டேவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. இப்போது பக்கத்திலேயே பிள்ளையார்குப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அன்று அந்தப் பக்கம் வயல்தான்.

மறுபடி சைக்கிளிலேயே ஏறித் தவளக்குப்பம் தாண்டினோம். நாலைந்து இளைஞர்கள் அலங்காரம் செய்த சைக்கிள்களில் எங்களை ஒட்டி வந்தார்கள். மாலையையும் கண்ணாடியையும் பார்த்து ஊர்வலம் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள் போல.

"அண்ணே, மணி சோக்கா கீதுண்ணே. எங்க வாங்கின?" என்று கேட்டு முன்னால் வந்து மறித்தான் ஒருவன். சைக்கிள் தடுமாறியது.

"டேய், அதே மணிதான்டா என் புள்ள மூக்குல மாட்டிக்கிச்சி! வழிய வுடுங்கடா!" என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

அவர்கள் முகம் மாறிவிட்டது. மறுபேச்சில்லாமல் முன்னால் பறந்தார்கள். அரியாங்குப்பம் கடைத்தெருவில் கூட்டம். அந்த இளைஞர்கள் பெல்லை அடித்துக்கொண்டே "வழி வுடு, ஆஸ்பத்திரி கேஸு" என்று கூவி வழி ஏற்படுத்தினார்கள். பாலத்தில் எதிரே வந்த மாட்டுவண்டியைக்கூட ஓரம் கட்ட வைத்தார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை அவர்களை.

புதுச்சேரி பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கி நான் உள்ளே ஓடினேன். இவர் வரவில்லை. அங்கேயும் சைக்கிளுக்குக் காவலா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். அந்தம்மா பாபுவின் இன்னொரு மூக்குத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, "வாயோட வாய் வச்சி ஒரே ஊதா ஊதும்மா, முத்தம் கொடுக்கிற மாதிரி" என்றார். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை என் கன்னத்தில் ஈரமாக ஏதோ வந்து அடித்தது. பச்சை மணி. பாபு ஓவென்று அழுதான், அந்த மணியைக் கையில் கொடுக்கச் சொல்லி.

வெளியே வந்தேன். இவர் மதில் ஓரம் தரையில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில் விழுந்து கிடந்தது, நிறுத்தக்கூட இல்லை. கண் இரண்டும் வீங்கி, சட்டை முன்பக்கம் நனைந்து, மூக்கு ஒழுகி, பார்க்கவே சகிக்கவில்லை. நான் வந்ததைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

"வந்துடுச்சிங்க" என்றேன்.

பாபுவின் காலைப் பிடித்துக்கொண்டு ஊரே பார்க்க அழுதார். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அழுதுகொண்டேதான் ஓட்டியிருக்கிறார். கண் மறைத்தபோதெல்லாம்தான் வேகம் குறைந்திருக்கிறது. அப்போதெல்லாம் நான் குத்தியிருக்கிறேன்.

சரி, வழிக்கு வருகிறேன். விடிந்ததும் கிளம்புங்கள், வெயிலுக்கு முன் ஏரிக்கரை தாண்டிவிடலாம். கடலூர் ரோட்டில் லாரி அதிகம், ஓரமாகவே வாருங்கள். பங்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும். குழந்தை மூக்கில் எதுவும் போனால் நோண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கேரியரில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று: வழியில் ஒரு இடத்திலாவது இறங்கி, முன்னால் போய், ஓட்டுகிறவர் முகத்தைப் பாருங்கள். இருபது கிலோமீட்டரும் நான் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன்.