ஒரு கிலோ குறைந்த துவக்கு

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த நான், மெல்பேர்னில் ஐம்பதைத் தாண்டிய பிறகு, கையில் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு வாங்கப் போனேன். காரணம் வீரம் அல்ல, மனைவியின் தம்பி.

முந்தைய ஆண்டு அவரோடு மலைக்காட்டுக்கு மரை என்கிற பெரிய மானை வேட்டையாடப் போய், பாதி ஏற்றத்தில் திரும்பிவிட்டேன். அதன்பிறகு நாங்கள் இருக்கும் மல்கிரேவ் புறநகரில் எந்தப் பிறந்தநாளிலும் அந்தக் கதை இல்லாமல் கேக் வெட்டப்படவில்லை. "அத்தான் மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவர்" என்று தொடங்குவார். இம்முறை உச்சியைத் தொடாவிட்டால் ஊரை விட்டே போய்ச் சிட்னியில், கெல்லிவில் பக்கம் வீடு பார்க்க வேண்டியதுதான்.

மரையும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். எங்களுக்கு வெகு முன்பே கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இப்போது பெருகிவிட்டதாம், தொல்லையாம். கப்பலில் வந்தவர்களைப் பற்றி இந்த நாட்டின் கருத்து மாறுவதேயில்லை.

நான் ஏற முடியாததற்கு இரவல் துவக்கின் பாரமே காரணம் என்று முடிவுசெய்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடியபோது செய்ததையே செய்தேன்: மாதக்கணக்கில் காணொளி பார்த்தேன், வாழ்நாளில் எதையும் சுட்டிராத நண்பர்களிடம் ஆலோசனை கேட்டேன். கடைசியில் கார்பன் நார்க் குழலோடு, கடையிலேயே மெலிந்த துவக்கைத் தேர்ந்தேன். தோட்டாவில் மட்டும் மெலிவு பார்க்கவில்லை. மச்சானிடம் இருப்பது மரைக்குத் தாராளமாகப் போதுமான த்ரீ-நாட்-எயிட் ரகத் தோட்டா. ஆகவே எனக்கு, எண்ணில் குறைந்தாலும் வெடிமருந்தில் அதைவிடப் பெரிய முந்நூறு மேக்னம்.

கடைக்காரர் தயங்கினார். "துவக்கு இலேசானால் சுடும்போது தோளில் விழும் உதை கூடும். அதில் இந்தத் தோட்டா வேண்டாமே" என்றார் ஆங்கிலத்தில். பெரிய கார் வாங்க வந்தவனிடம் பெட்ரோலைப் பற்றிப் பேசுகிறாரே என்று அவர்மேல் பரிதாபப்பட்டுப் புன்னகைத்தேன்.

சுடுபயிற்சித் திடலில் முதல் வெடியிலேயே அவர் சொன்னது விளங்கியது. அதன்பின் விசையைத் தொடுமுன்பே கண்கள் தாமாக மூடிக்கொண்டன. தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"ஒரு கிலோ குறைக்க இவ்வளவு பாடோ?" என்றாள் மனைவி, தைலம் தேய்த்தபடி. "வயித்தில குறைச்சிருக்கலாமே. அதுக்கு லைசென்சும் தேவையில்லை."

அப்படிச் சொன்னவளே வேட்டைக்குப் புறப்பட்ட காலையில் என் பையில் புட்டு, கோழிக்கறி, சம்பல், பிளாஸ்கில் தேநீர் எல்லாம் அடுக்கினாள். பக்கத்துக் கடற்கரைக்கே கறிச்சட்டியோடு போகிற சனம் நாங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. துவக்கில் குறைத்த ஒரு கிலோ, சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு முதுகில் ஏறியது.

பாதி ஏற்றத்தில், அதே மரத்தடியில், எனக்கு மூச்சு வாங்கியது.

"அத்தான், துவக்கைத் தாங்கோ, நான் கொண்டு வாறன்."

"துவக்கு பாரமில்லை. புட்டைப் பிடியும்."

பிடித்தார். நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எதிர்ச்சரிவில் கொம்பும் கம்பீரமுமாக ஒரு மரை நின்றது. துவக்கை உயர்த்தினேன். தோளுக்கு ஞாபகசக்தி அதிகம். வெடித்தது. கண்ணைத் திறந்தபோது சரிவில் கொஞ்சம் புழுதி இருந்தது, மரை இல்லை.

அடுத்த பிறந்தநாளில் மச்சான் கதையைத் திருத்திச் சொன்னார்: "இந்தமுறை அத்தான் உச்சிக்கு ஏறிட்டார். மரையும் வந்து நிண்டது. பாக்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கேல்லை."

மரத்தைக் கட்டிப்பிடித்ததைவிட இது முன்னேற்றம்தான். நான் இரண்டாவது துண்டு கேக்கை எடுத்துக்கொண்டேன்.