திமில் வைத்த விமானம்

எங்கள் வீட்டு ஆட்கள் கையில் எதைக் கொடுத்தாலும் உரித்துவிடுவார்கள். பட்லகுண்டுக்குப் பக்கத்தில் அவரையும் மொச்சையும் போட்ட குடும்பம். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நடுவில் ஒரு சொளகு, அதாவது முறம், வந்துவிடும்; சொளகு வந்தால் கை சும்மா இருக்காது. சித்தப்பா துபாயிலிருந்து எனக்காகச் சுமந்து வந்த விமானமும் அந்தக் கைகளில்தான் மாட்டியது.

சித்தப்பா அங்கே ஏசி மெக்கானிக். தன் கல்யாணத்துக்காக இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அவர் கொடுத்த அட்டைப்பெட்டியின் மேல் பழைய காலத்து ஜம்போ ஜெட் ஒன்று, முன்பக்கம் காளைக்குத் திமில் மாதிரி மேடு தூக்கி, நான்கு எஞ்சினோடு மேகத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே விமானம் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுச்சொச்சம் துண்டுகள் காய்த்துத் தொங்கின.

"கடைக்காரன் நல்லா ஏமாத்தி உன் தலையில கட்டிட்டான்டா," என்றார் அப்பா.

"இல்லண்ணே, இத நாமதான் ஒட்டிச் சேக்கணும்," என்று சொல்லிவிட்டு, சித்தப்பா புதுப்பெண்ணோடு மாமியார் வீட்டு விருந்துக்குக் கிளம்பிப் போனார்.

சேர்க்க வேண்டுமென்றால் முதலில் பிரிக்க வேண்டுமே. அம்மா சொளகை எடுத்து வந்தாள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து அத்தனை துண்டுகளையும் திருகித் திருகி எடுத்துவிட்டோம். "இம்புட்டுத்தான வேலை," என்று அம்மா சொளகை ஒரு தடவை புடைத்தும் காட்டினாள். வெறும் சட்டங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. மறுநாள் திரும்பி வந்த சித்தப்பா, படம் போட்ட தாளை ஒரு கையிலும் தன் தலையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்தத் துண்டு எங்கே சேரும் என்ற நம்பரெல்லாம் அந்தச் சட்டங்களில்தான் இருந்ததாம். தன் மதினியான என் அம்மாவை ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் ஊரைக் கூட்டி அழுதேன்.

"அழுகாத தாயி. எம்புட்டு நாளானாலும் சரி, இத முழுசா முடிச்சுட்டுத்தான் நான் கெளம்புவேன்," என்றார்.

அழுகிற பிள்ளைக்குச் சொன்ன சமாதானம் அது. நான் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்ததும் வேலை தொடங்கும். சித்தப்பா ஒரு துண்டை எடுப்பார், தாளைப் பார்ப்பார், துண்டைக் கீழே வைப்பார். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள், அதுவரை தள்ளியே நின்றிருந்த புதுச் சித்தி சொளகுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் தொப்பம்பட்டிக்காரி. வாய்க்கு வாய் 'ங்க' போட்டுப் பேசுவாள் என்று எங்கள் வீட்டில் அதற்கே ஒரு கேலி ஓடிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, இது எடது றெக்கைக்கு அடியில வருதுங்க பாருங்க," என்பாள். வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு விமானம் கிடுகிடுவென்று வளர்ந்தது. சித்தப்பா பசை தடவ, சித்தி துண்டு எடுத்துக் கொடுக்க, இருவரும் தாளுக்கு மேல் தலை குனிந்து ஏதோ சிரித்துக்கொள்வார்கள். நான் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

வளர வளர, மிச்சமிருந்த துண்டுகளை நான் எண்ணத் தொடங்கினேன். முடிந்துவிட்டால் சித்தப்பா போய்விடுவார். எனக்குச் சைக்கிள் பழக்கியவர், அப்பாவின் அடியிலிருந்து காப்பாற்றுகிறவர் அவர் ஒருவர்தான். அப்பா வேறு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் பேசிக்கொண்டிருந்தார். டிக்கெட் என்று ஒன்று உண்டு, அதில் தேதி போட்டிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் மதித்திருக்க மாட்டேன். ஒரு எஞ்சினின் பாதியை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடினேன்.

வீடே தேடியது. கட்டிலுக்கடியில், கோழிக்கூட்டில், எங்கும் இல்லை. கடைசியில் அம்மா சித்தியிடம், "கூட்டும்போது அள்ளிக் கொட்டிட்டியோ?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். சித்தியின் முகம் சுருங்கிப் போனது. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குப்பைக்குழியைக் கிளறப் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் போட்ட மருதாணி இன்னும் போகாத கை. எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை கட்டிலுக்கடியில் நானே கண்டெடுத்தது போல எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வால் காணாமல் போனது. சத்தியமாக நான் எடுக்கவில்லை. சாமியே பார்த்து எனக்காகச் செய்தது என்றுதான் நினைத்தேன். மறுபடி வீடே தேடியது. எல்லோரையும் விட அதிகமாகத் தேடியவள் சித்திதான். மாவுச் சட்டிக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. விமானம் டிவிக்கு மேல் வால் அறுந்த பல்லி மாதிரி கிடந்தது. நான் வாசலை மறித்துக்கொண்டு, "முடிக்காமப் போகமாட்டேன்னு சொன்னீங்கல்ல?" என்று கேட்டேன். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார், அப்பா காரைப் பார்த்தார். என் அழுகை தொடங்குவதற்குள் சித்தி உள்ளே போய்த் தன் வளையல் டப்பாவோடு வந்தாள். திறந்தாள். வளையல்களுக்கு நடுவில் வால் இருந்தது.

அது அங்கே எப்படிப் போனது என்று யாருமே கேட்கவில்லை. "இரு, பசைய எடுத்தாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா வேகமாக உள்ளே போனாள்.

சித்தி வாலை ஒட்டி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சித்த இருக்கச் சொல்லுங்க, இன்னும் ஒட்டலீங்க."

சித்தப்பா அவள் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். சித்திக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். "அது வந்துருச்சுன்னா ஆறு மாசத்துல விசா எடுத்துருவேன். எந்தச் சன்னல்ல உக்காருவ, இப்பவே சொல்லிரு."

அவள் இன்னொரு கையால் திமிலில் இருந்த சன்னலைத் தொட்டுக் காட்டினாள்.

"அது பணக்காரங்க உக்காருற எடம்."

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேனுங்க."

சித்தப்பா சிரித்தார். கண்ணில் நீர் நிற்க அவளும் சிரித்தாள். ஹாரன் மறுபடி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

கார் போன பிறகு இரண்டு நாள் நான் சித்தியோடு பேசவில்லை. இன்னும் ஒரு நாள் அவள் கண்ணில் வால் படாமல் இருந்திருந்தால் சித்தப்பா இங்கேயே இருந்திருப்பார் அல்லவா? அடுத்த வருஷம் அவளும் துபாய்க்குப் பறந்தாள், சாதாரணச் சன்னலோரத்தில்தான். அதற்குள் நாங்கள் ராசியாகி, ஒரே தட்டில் சாப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவள் மேல் ரொம்ப நாள் இளக்காரம் இருந்தது. அந்தப் பசை இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். கூடவே உட்கார்ந்து பார்த்த எனக்கு அது நன்றாகத் தெரியும். சித்தியோ வாலை முழுசாகக் கால்மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவம், பசையைப் பற்றித் தொப்பம்பட்டியில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.