சத்து மாத்திரை

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, சுசீந்திரத்துக்குப் பக்கத்துல எங்க வீட்டுல நடந்தது இது. எழுதவே கை வரல. எழுதாம இருந்தாலும் உறக்கம் இல்ல.

என் வீட்டுக்காரருக்கு வாழைத் தோட்டம் உண்டு. வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த நெல்லறையைத் திறந்து, வவ்வால் எச்சத்தை அள்ளி வாழைக்கு உரமாப் போட்டார். கொஞ்ச நாள்லயே இருமல், காய்ச்சல், ஆளே பாதியாயிட்டார். அந்த எச்சத் தூசியால நுரையீரல்ல பூஞ்சைத் தொற்றுன்னு நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சு மருந்து குடுத்தாங்க.

துபாயில இருக்கிற என் தம்பி, அத்தான் இப்படி மெலிஞ்சிட்டாரேன்னு கால்சியமும் வைட்டமின் டியும் கலந்த மாத்திரை ரெண்டு டப்பா குடுத்து விட்டான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடுத்தேன். சோர்வு கூடுதேன்னு மூணாக்கினேன். மடச்சி நான்.

"ஏட்டி, கொமட்டுது, வேண்டாம்"னு முகத்தைத் திருப்புவார். விடமாட்டேன், அதட்டிக் குடுப்பேன். ஓயாம தண்ணி கேட்டார். வெளிக்குச் சரியாப் போகல. ஒருநாள் என்னைப் பாத்தே, "நீங்க யாரு?"ன்னு கேட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன்.

அங்க டாக்டரம்மா ஒவ்வொரு தடவை போகும்போதும், "வேற மருந்து ஏதாவது குடுக்கியளா?"ன்னு கேப்பாங்க. இல்லன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்லணும்னு இல்ல. எங்களுக்கு மருந்துன்னா நோய்க்குத் தர்றது, இது சத்துதானே!

என்னை அவருக்கு அடையாளம் தெரியாமப் போன அன்னைக்கு, ரத்தத்துல கால்சியம் தாறுமாறா ஏறிக் கிடந்தது. வாயில போடுறது அத்தனையும் கொண்டு வரச் சொன்னாங்க. டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிச்சாங்க. "இந்தப் பூஞ்சை சில பேருக்குத் தானாவே கால்சியத்தை ஏத்தும்மா. அதுக்கு மேல நீங்களும் குடுத்திருக்கீங்க"ன்னாங்க. நாலு ஏச்சு ஏசியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

கால்சியம் இறங்கிச்சு, பூஞ்சையும் போச்சு. அந்தக் கால்சியத்துல கெட்டுப்போன கிட்னி மட்டும் திரும்பல. இப்போ வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். தோட்டத்தைப் பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, விட்டாச்சு. எதனால கிட்னி போச்சுன்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம், "இவ இப்படிப் பாக்கலைன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்"னு என் கையைப் பிடிச்சுச் சொல்லுவார். அந்தக் கையை உதறவும் முடியாம, உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லாம நான் தினம் தினம் செத்துக்கிட்டிருக்கேன்.