டெஸ்ட் டிரைவ் வைஜெயந்தி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வைஜெயந்தி உரக்கடை வாசலில் இருக்கும் காயின் போனுக்கு முன்னால் நிற்பாள். செவ்வாயன்று யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். அன்றைக்குக் கார் ஷோரூம்களில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், போனை எடுக்க ஆள் இருக்கும், பேசவும் நேரம் இருக்கும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. "வணக்கம் சார், மரக்காணத்துலருந்து வைஜெயந்தி பேசறேன். டெஸ்ட் டிரைவ் விஷயமா" என்று ஆரம்பிப்பாள். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று பதில் வந்தால், மீட்டிங் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பாள். அவர்கள் வாய்க்கு வந்த மணியைச் சொல்வார்கள். அந்த மணிக்கு மறுபடியும் போன் போகும். புதுச்சேரியில் ஐந்து ஷோரூம், திண்டிவனத்தில் ஒன்று. ஆறிலும் அவள் குரல் தெரியும். 'மரக்காணம் மேடம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். போனை வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். "சிரிக்கட்டும். சிரிச்சாதான் ஆளு ஞாபகம் இருக்கும்" என்பாள்.

வயது இருபத்தெட்டு. ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத கனத்த குரல். உரக்கடை மாடியில் பக்தவச்சலம் என்பவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் அவள்தான் வண்டி கற்றுக்கொடுக்கிறாள். பக்தவச்சலத்துக்கு வேலை திண்டிவனத்தில், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில். இங்கே ஸ்கூலின் பழைய சின்னக் காரும் வைஜெயந்தியும்தான். அந்தக் காரின் நாலு கதவில் ஒன்றை உள்ளிருந்து திறக்க முடியாது, ஒன்றை வெளியிலிருந்து திறக்க முடியாது. எந்தக் கதவு எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் நாள் பாடம்.

விடிந்தும் விடியாததுமாக உப்பளங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் பாடம் தொடங்கும். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். அந்தப் பாத்திகளில் பத்தொன்பது வயது வரைக்கும் அம்மா ஆராயியோடு உப்பு வாரியவள் அவள். அந்தப் பழக்கத்தில் தூரத்தை இன்றைக்கும் பாத்திக் கணக்கில்தான் சொல்வாள். "லாரி மூணு பாத்தி தூரத்துல வர்றான், இப்பவே காலை எடு." ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பவர்களிடம், "புடிக்காத, வெச்சிக்க" என்பாள். கிளட்சைச் சட்டென்று விடுபவர்களிடம், "விடாத, விட்டுக்குடு" என்பாள். முன் கண்ணாடியைத் திருப்பி முகம் பார்த்துக்கொள்ளும் பையன்களைத் திட்ட மாட்டாள். இறங்கிப் போய்ப் பத்து நிமிஷம் முகத்தைப் பார்த்து முடித்துவிட்டு வரச் சொல்வாள்.

அவள் வண்டி கற்றுக்கொண்டது ஆரோவில்லில். அங்கே ஒரு ரொட்டிக் கூடத்தில் மாவு பிசையப் போனவள், வேன் ஓட்டுபவர் மூன்று நாள் வராமல் போனதில் தொடங்கி, ஒரே வருஷத்தில் ரொட்டி வேனைப் புதுச்சேரித் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெண்களும் வண்டி கற்க வருவார்கள் என்ற நம்பிக்கையில் பக்தவச்சலம் அவளை மரக்காணத்துக்கு அழைத்து வந்தார். பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். பையன்கள் கூட்டமாக வந்தார்கள். சுனாமி அலை வந்து போன அடுத்த மாதங்களில் அந்தக் கூட்டம் இன்னும் பெருகியது.

கடற்கரைக் குப்பங்களில் படகும் வலையும் போய்விட்டிருந்தன. தொண்டு நிறுவனங்கள் புதுப் புது வண்டிகளில் வந்து இறங்கின. அவற்றை ஓட்ட, குப்பங்களுக்கு வழி தெரிந்த உள்ளூர்ப் பையன்கள் வேண்டும் என்று சொன்னார்கள். குப்பத்துப் பையன் சகாதேவன் அப்போதுதான் வைஜெயந்தியிடம் சேர்ந்தான். வயது இருபத்தொன்று. அப்பாவின் படகில் மிஞ்சியது ஒரு பலகை. ஏப்ரலில் லைசென்ஸ் வாங்கினான். மே மாதம் அவனோடு ஏழு பேர் ஒரு நிறுவனத்துக்கு வேலை கேட்டுப் போனார்கள். எட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள்.

சகாதேவனை ஓட்டிக் காட்டச் சொன்னது பவர் ஸ்டியரிங்கும் பவர் பிரேக்கும் வைத்த பெரிய வண்டி. ஸ்கூல் காரில் பிரேக்கை எழுந்து நின்று மிதிக்காத குறையாக மிதித்தால்தான் வண்டி நிற்கும். அதே பழக்கத்தில் இதையும் மிதித்தான். பின்சீட்டில் இருந்த அதிகாரியின் நெற்றி முன்சீட்டில் போய் மோதியது. "அக்கா, அது வண்டியே இல்ல. தொட்டா நிக்குது" என்று வந்து சொன்னான். இதுவரைக்கும் எத்தனை வண்டி ஓட்டியிருக்கிறாய் என்று அவள் கேட்டாள். ஒன்று என்றான். அந்த ஒன்றையும் வண்டி என்று சொல்வதற்கில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வைஜெயந்திக்கு டெஸ்ட் டிரைவ் ஞாபகம் வந்தது. புது வண்டியை அந்நிய மனிதர் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது கார் ஷோரூம். அந்த வாரமே சகாதேவனைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினாள். முதல் ஷோரூமில், வாங்கப்போவது யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று உண்மையைச் சொன்னாள். இரண்டாவது இடத்தில், இருபத்தைந்து வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை என்றார்கள். "லைசென்ஸ்ல பதினெட்டுன்னுதானே சார் போட்டிருக்குது" என்று கேட்டாள். காரின் படம் போட்ட ஒரு வண்ண விளம்பரத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பக்தவச்சலம் ஒரு யோசனை சொன்னார். சகாதேவனுக்கு மாமா சிங்கப்பூரில் இருக்கிறார், மாமாதான் கார் வாங்குகிறார் என்று சொல்லிப் பார்க்கலாம் என்றார். தன் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தார். மூன்றாவது ஷோரூமில் ராஜ மரியாதை. டீ வந்தது. எந்தக் கலர் பார்க்கிறீர்கள் என்று விற்பனையாளர் சகாதேவனைக் கேட்டார். அவன் வெகு நேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு எது சவுரியமோ அது" என்றான். டீ முடிந்ததும் இருவரும் வெளியே இருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் வைஜெயந்தி, "நமக்குப் பொய்யும் வரலடா. வர்ற வேலையப் பாப்போம்" என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் போன் போயிற்று.

பதினோரு வாரம் மீட்டிங்குகள் நடந்தன. பன்னிரண்டாவது வாரம், ஒரு ஷோரூமின் மேனேஜர் கிருபா தானே போனைப் பிடுங்கிப் பேசினார். நாற்பது வயதுக்காரர், சுருக்கமாகப் பேசுபவர். "ஏம்மா, நீங்களும் வாங்கப் போறதில்ல, அந்தப் பசங்களும் வாங்கப் போறதில்ல. நான் எதுக்கு பெட்ரோல் ஊத்தணும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல அவள் பதில் சொன்னாள். "சார், இங்க உப்பளம் வெச்சிருக்கறவங்க, எறால் பண்ணை வெச்சிருக்கறவங்க யாராவது தானே வண்டி ஓட்டறாங்களா? டிரைவருதான் ஓட்டறான். புது வண்டி வாங்கணும்னா, எது நல்லதுன்னு அவனைத்தான் கேக்கறாங்க. அந்த டிரைவருங்கல்லாம் எங்கிட்ட கத்துக்கறவங்க. உங்க வண்டிய அவங்க தொட்டதே இல்ல. தொடாத வண்டிய எப்படி சார் நல்லதுன்னு சொல்லுவாங்க?"

அவள் கொண்டுவந்திருந்த ஆறு ஒரு ரூபாய் நாணயங்களையும் போன் விழுங்கிவிட்டது. லைன் அறுவதற்குச் சற்று முன், ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று கிருபா கேட்டார்.

ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பையன்கள், ஸ்கூலுக்கு வந்த இரண்டு பெண்களில் ஒருத்தியான சகாயசெல்வி, அவளுக்குத் துணைக்கு வந்து பிறகு தானும் வரிசையில் நின்றுவிட்ட லூர்துமேரி. கிருபா பளபளக்கும் புது வண்டியோடு ஓர் எச்சரிக்கையையும் கொண்டுவந்திருந்தார். பிரம்மதேசம் வரைக்கும் போய்த் திரும்பலாம், உப்பளப் பக்கம் மட்டும் வண்டி போகக் கூடாது, உப்பு பட்டால் துரு. முன்சீட்டில் அவர், பின்சீட்டில் வைஜெயந்தி. எதுவும் தெரியாவிட்டால் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சகாயசெல்வி ஏறியதும், "சார், வைப்பர் எது, லைட் எது தெரியாது, மத்தது தெரியும்" என்றாள். அன்றைக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாக ஓட்டியவளும் அவள்தான். கிருபா வழியில் இரண்டு முறை சிரித்ததாக வைஜெயந்தி சொல்கிறாள்.

கடைசியாக சகாதேவன். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பூப்போல ஓட்டினான். பிரம்மதேசத்தில் வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்தபோது, புல்லுக்குள் மறைந்திருந்த கிலோமீட்டர் கல்லில் லேசாக உரசியது. கிருபா அப்போது செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. சகாதேவன் கண்ணாடி வழியாக வைஜெயந்தியைப் பார்த்தான். பேசாமல் இருந்தால் மரக்காணம் போய்ச் சேர்ந்துவிடலாம். சொன்னால் இத்தனை வாரப் பாடும் இந்தக் கல்லோடு போய்விடும். ஆனாலும் வைஜெயந்தி, கிருபா போனை வைக்கும் வரை காத்திருந்து, "சார், எறங்கிப் பாருங்க. பின்னாடி பட்டுடுச்சு" என்றாள்.

ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். கிருபா குந்தி உட்கார்ந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். சாவிக்குக் கையை நீட்டினார், தானே ஓட்டிக்கொண்டு வந்தார், மரக்காணத்தில் அவர்களை இறக்கிவிட்டார். வாங்கி வைத்திருந்த இளநீரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

சகாதேவன் இரண்டு நாள் ஸ்கூல் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வைஜெயந்தி குப்பத்துக்கே போய் அவனை அழைத்து வந்தாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. உப்பளப் பாதையில் உப்பு மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாள். ஒரு மூட்டை கிழிந்தது. மறுநாளும் எடுக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு வழக்கம்போல போன் செய்தாள். சார் மீட்டிங்கில் இருந்தார். அடுத்த செவ்வாயும் இருந்தார்.

மூன்றாவது செவ்வாய் கிருபா லைனுக்கு வந்தார். "எங்க ஷோரூம்ல எந்த வண்டில கீறல் விழுந்தாலும், யாரு போட்டதுன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கறதில்ல. நீங்களா சொன்னீங்க. அந்தப் பையனையே கூட்டிட்டு வாங்க. ரிவர்ஸ் மட்டும் நான் பாக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருபா வண்டியில் ஏறவில்லை. பிரம்மதேசத்தில் அதே கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்கூல் காரில் இருப்பதுபோல் தன் பக்கமும் ஒரு பிரேக் இல்லாத முன்சீட்டில் வைஜெயந்தி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். சகாதேவன் பின்னால் எடுத்தான். வண்டி கிருபாவுக்கு ஒரு முழம் தள்ளி, குலுக்கல் இல்லாமல் நின்றது. அவர் ஒரு அடிகூட நகரவில்லை. "போதும்" என்றார். பிறகு டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு டெஸ்ட் டிரைவ் ஞாயிறு. இன்னொரு ஷோரூமும் சேர்ந்துகொண்டது. கிருபா தன் ஷோரூம் பேனரைக் கட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார். எறால் பண்ணைக்காரர் ஒருவர், தன் டிரைவர் சொன்னதை நம்பி அவரிடம் வண்டி எடுத்திருக்கிறார். சகாயசெல்விக்கு ஆரோவில்லில் பள்ளி வேன் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் எல்லாம் நடந்துவிடவில்லை. எழுவரில் இரண்டு பேர் மறுபடி உப்பளத்துக்கே கூலிக்குப் போகிறார்கள். திண்டிவனத்து மேனேஜர் இன்னும் மீட்டிங்கில்தான் இருக்கிறார். ஒரு நாள் கிருபா சாவியை நீட்டி, நீங்களும் ஒரு முறை ஓட்டிப் பாருங்களேன் என்று வைஜெயந்தியிடம் சொன்னார். "நான் வாங்கப் போறதில்லையே சார்" என்றாள் அவள். அவர் வயிறு குலுங்கச் சிரித்ததை ஷோரூமில் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார்களாம்.

சகாதேவன் நவம்பரில் அதே தொண்டு நிறுவனத்தில், அதே அதிகாரி முன்னால், அதே வண்டியை ஓட்டிக் காட்டினான். அவர் முன்னெச்சரிக்கையாக முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையைப் பாதி வழியில் எடுத்துவிட்டார். வேலை கிடைத்தது.

போன வாரம் ஒரு மாலை, புதுச்சேரிக்குத் துணி எடுக்கப் போன வைஜெயந்தி கோட்டக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கூட்டம் வழிந்துகொண்டு வந்த இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. மூன்றாவதாக வந்து நின்றது சகாதேவன் ஓட்டிவந்த வண்டி. ஆபீஸ் ஆட்களை இறக்கிவிட்டு மரக்காணத்துக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். எட்டி முன் கதவைத் திறந்துவிட்டான். அது பாடம் நடத்தும்போது அவள் உட்காரும் சீட். அவள் அந்தக் கதவை மூடிவிட்டு, பின்சீட்டில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். காலாப்பட்டு தாண்டும் வரை அவன் பேசிக்கொண்டே வந்தான். புது டயரைப் பற்றி, அதிகாரியைப் பற்றி, தங்கையையும் அடுத்த மாதம் ஸ்கூலில் சேர்க்கப்போவதைப் பற்றி. அனுமந்தை வந்தபோது, பதிலே வரவில்லையே என்று கண்ணாடியில் பார்த்தான். ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, வைஜெயந்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.