ஆடி கழியட்டும்

என் அப்பா முப்பத்தொன்பது வயதில் போனார். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர், வாளி பாதி ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அன்றிலிருந்து உடம்பை வருத்துவது என்றாலே எனக்கு உதறல். பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை வேறு. நாற்காலியை விட்டு எழாமலே காலம் ஓடியது. எனக்கும் முப்பத்தொன்பது நடந்தபோது, அலுவலகத்து ஏழு படி ஏறுவதற்குள் மூச்சு முட்டத் தொடங்கியது.

திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் காட்டினேன். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டவர், இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, உடம்பை அசைக்காமல் வைத்திருப்பதுதான் கோளாறு, தினமும் தேகப்பயிற்சி செய்யும் என்றார். நான் நம்பவில்லை. அப்பாவுக்கும் முந்தின நாள் வரை ஒரு கோளாறும் இல்லைதானே.

வஸ்தாதைத் தேடிப் பிடித்தது என் மனைவி. தறிக்கூடத்துக்குப் பின்னால் இளவட்டங்களுக்குச் சிலம்பமும் தண்டாலும் சொல்லித்தருபவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இந்த வயிற்றோடு அவர்கள் நடுவில் போய் நிற்க எனக்குக் கூச்சம். அதனால் வீட்டுக்கே வந்து எனக்கு மட்டும் சொல்லித்தரச் சம்மதித்தார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாளும் விடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. பாதியில் நெஞ்சு நின்றுவிட்டால் என்ன செய்வீர் என்று கேட்டேன்.

"அதுக்கு நான் எப்படி அண்ணாச்சி உத்தரவாதம் சொல்ல முடியும்? மெதுவாத்தான் ஆரம்பிப்போம். ஆனா சும்மா உக்காந்திருந்தா நிக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆடி பிறந்துவிட்டது, புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, ஆடி கழியட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஆவணியில் வேறொரு சாக்கு கிடைக்காமலா போகும்?

எங்கள் ஊர் அம்பாள் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றே, மனைவி என் உயிருக்காக நூற்றியொரு சுற்று நேர்ந்துகொண்டு கோவிலைச் சுற்றக் கிளம்பிவிட்டாள். தபசு நாளுக்குள் இப்படிச் சுற்றி முடிக்கிற ஆடிச்சுற்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. இனி அம்பாள் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அவளைக் காணோம். காலையிலேயே பாதம் வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்திருந்தேன். பதறிக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது சும்மா, என்னால் முடிந்த வேகத்தில் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்துகொண்டிருந்தாள். போதும் வா என்றேன். அவள் நிற்கவில்லை. சுற்று நடுவில் நிற்கக் கூடாது. வாயைத் திறந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். அவளிடம் பேச வேண்டுமென்றால் கூடவே நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கெஞ்சிக்கொண்டே நடந்தேன். பிறகு திட்டிக்கொண்டே நடந்தேன். வேட்டி வியர்வையில் காலோடு ஒட்டியது. நெஞ்சு திம்திம் என்று அடித்தது. இதோ இப்போது விழப்போகிறேன் என்று ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் நினைத்தேன். ஆனால் அவளை அந்தக் காலோடு நடக்கவிட்டு நான் மட்டும் உட்கார மனம் வரவில்லை.

கடைசியில் கொடிமரத்துப் பக்கம் அவளே நின்றாள். தூணைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"எங்க முடிய? என் கணக்கு தப்பிப்போச்சு. உங்க சுத்தைத்தான் எண்ணிக்கிட்டு வந்தேன். பதினொண்ணு."

நாலு நாள் நடந்ததெல்லாம் போய், அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மெல்லத்தான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது, மூச்சிரைப்பில் அதுவும் சரியாக வரவில்லை. அவளைக் கைத்தாங்கலாக வீட்டில் விட்டுவிட்டு வஸ்தாதைத் தேடிப் போய், அவளோடு நடக்க உடம்பில் தெம்பு வேண்டும், ஆடி கழியவேண்டாம், காலையிலேயே வாரும் என்றேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவளை மறுபடி ஒன்றிலிருந்து தனியாக நடக்கவிட என்னால் முடியாது.