எரிந்த சரிவில் பாதி

வன அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் புல்லுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஒட்டிய பெயர், அவள் பொருட்படுத்தவில்லை. ஆறு அறுத்துப் போட்ட ஆழமான மலைப் பள்ளத்தாக்கு அது. ஒரு மீட்டர் சதுர இரும்புச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் சரிவுகளில் ஏறி இறங்குவாள். சட்டத்தைத் தரையில் போட்டு, உள்ளே எத்தனை வகைச் செடி, எத்தனை தூர் என்று எண்ணி எழுதுவாள். பதினெட்டு வருஷ வேலை. பூக்காத புல்லைக்கூட விரலால் உருட்டிப் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவாள். ஆய்வாளர்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அடுத்த சட்டத்துக்குப் போயிருப்பாள்.

ஒரு கோடையில் கிழக்குச் சரிவு தீப்பிடித்துக் கரியானது. மழைக்கு முன் மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று, சட்டென முளைக்கும் வெளிநாட்டுப் புல் விதையை அதிகாரி லாரியில் வரவழைத்துவிட்டார். மூட்டைகள் இறங்கும்போதே, அவள் கரிந்த தூர் ஒன்றைப் பெயர்த்து வந்து அவர் மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

கத்தியால் நெடுக்கப் பிளந்தாள். உள்ளே குருத்து வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

"இது சாகல சார். மேலதான் வெந்திருக்கு. வெளிப்புல்லைப் போட்டா இது தலைதூக்கவே முடியாது."

"மண்ணு சரிஞ்சு ரோட்டுல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றுவிட்டாள்.

அதிகாரி அந்தத் தூரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிச் சரிவு உனக்கு. ரெண்டு வருஷம். ஒரு ஆட்டுக் குளம்புகூட அங்க படக்கூடாது."

அங்கே ஆடு மேய்ப்பது அவளுடைய சொந்த அண்ணன்.

"தடுக்கறதுக்கு உனக்கு என் ஆடுதான் கிடைச்சுதா?" என்றான் அவன். மந்தையை ஆற்றுக்கு அப்பால் அரை நாள் தூரம் ஓட்டிப் போனான். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணி மட்டும் போன் செய்வாள்: "கோபத்துல வாயே திறக்கறதில்ல. எனக்கு நிம்மதியா இருக்கு, விடு!"

எரிந்த கிளைகளை இழுத்துச் சரிவின் குறுக்கே போட்டு, கல்லை அண்டக் கொடுத்து, மண்ணை நிறுத்தினாள். முதல் மழையில் விதைத்த பாதி பச்சைப்பசேல் என்று எழுந்தது. அவளுடைய பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குருத்து. "அக்கா, உங்க பக்கம் வழுக்கை விழுந்திருச்சே!" என்று ஜீப் டிரைவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் மழை பெய்தபோதெல்லாம் குடையோடு அடிவாரத்தில் போய் நின்று, இறங்கும் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்தாள்.

மறு வருஷம் கோடை நீண்டது. மேலோட்டமாக வேர்விட்ட வெளிப்புல் காய்ந்து சருகானது. அடுத்து வந்த பெருமழையில் அந்தப் பக்கம் ஒரு பெரிய துண்டு சரிந்து சாலையை அடைத்தது. ஆழ வேரோடிய அவளுடைய பாதி அசையவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து மூன்று நாள் சாலையைச் சுத்தம் செய்தாள். கடைசி நாளில் அதிகாரியும் சேறோடு வந்து நின்றார். "மீதி பாதியையும் நீயே பார்த்துக்க" என்றார்.

கெடு முடிந்ததும் அவளே அண்ணனைத் தேடிப் போனாள். "நாலு பங்காப் பிரிச்சு முளை அடிச்சிருக்கேன் அண்ணே. ஒவ்வொண்ணா மேய்ச்சுட்டு வா. ஒண்ணுல மேயுறப்போ மத்தது மூணும் தேறிக்கும்."

"எனக்கே மேய்க்கக் கத்துத் தர்றியா?" என்று முறைத்தான். ஆனாலும் ஆடுகளைக் கொண்டுவந்தான். முளையைத் தாண்டிய கிடாவை அவனே விரட்டினான்.

தீக்கு முன் முப்பத்தொரு வகை இருந்த இடத்தில் இருபத்தாறுதான் திரும்பியிருந்தன. வராத ஐந்தின் விதைகளைத் தேடி, தீ எட்டாத பாறை விளிம்புகளில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறாள். இதுவரை இரண்டு கிடைத்திருக்கின்றன.