கொத்து ட்ரெய்லரை இழுக்க ஒரு பிக்கப்

புளூ மவுண்டன்ஸ் மலையூர் ஒன்றின் சந்தையில் கொத்துரொட்டி விற்றுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தோம். பின்னால் கொளுவியிருந்த எங்கள் சமையல் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, பழைய பிக்கப்பையும் சேர்த்து ஆட்டியது. கணவர் எப்படியோ வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார்.

இனி இந்த வாகனத்தில் ட்ரெய்லரைக் கொளுவுவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். தொழிலையே விட்டுவிடுவோமா என்று அவர் கேட்டார். எனக்கு அந்த எண்ணமே இல்லை.

எவ்வளவு பாரம் இழுக்கிற வாகனம் வாங்கவேண்டும் என்று அறிய, அடுத்த கிழமை கொத்துப் போடும் தட்டுக்கல், தண்ணீர், காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றி, தெரிந்த ஒருவரின் லொறியில் கட்டி, ட்ரெய்லரை நிறுக்கக் கொண்டுபோனோம். நாங்கள் நினைத்திருந்ததைவிட அரைத் தொன் கூடுதலாக இருந்தது.

இழுவைக்கு டீசல்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஓட்டம் பெரும்பாலும் வீடு இருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ஹரிஸ் பார்க், நார்த்மீட் என்று கிட்டக் கிட்டத்தான். அப்படி ஓடினால் டீசல் வாகனத்தின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் சொன்னார். பெற்றோல் என்று முடிவெடுத்தோம்.

வாகன விற்பனை நிலையத்தில் இரண்டு பெற்றோல் பிக்கப்கள் நின்றன. ஒன்று புத்தம் புதிது; உள்ளே உட்கார்ந்தால் வரவேற்பறை மாதிரி. மற்றது சில வருடம் ஓடியது, உயரமும் முரடும். இரண்டும் ஒரே பாரத்தை இழுக்கும் என்றார் விற்பவர், என் கணவரைப் பார்த்து. கணவருக்கும் புதியதில்தான் கண்.

ட்ரெய்லரின் நிறை எழுதியிருந்த தாளை நான் பிரித்தேன். இழுப்பது சரி, வாகனம் தன் மேலே எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டேன். ட்ரெய்லரின் முன்பக்கம் கொளுக்கியில் அழுத்தும் பாரம், ஜெனரேற்றர், உதவிக்கு வரும் இருவரோடு நாங்கள் நாலு பேர் எல்லாவற்றையும் கூட்டினால் புதியது தாங்காது. மற்றது தாங்கும். விற்பவர் கதவில் ஒட்டியிருந்த விவரத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

ட்ரெய்லரைக் கட்டி ஓடிப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்றேன். விற்பவர் தயங்கித்தான் சம்மதித்தார்.

"இதை ஆர் ஓடுறது? எனக்கே பயமாக் கிடக்கு," என்றார் கணவர் மெல்ல.

"நான் ஓடுறன்."

ஓடிப் பார்த்து, அந்த உயரமானதையே வாங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் போனபின், கோயில் கார் நிறுத்துமிடத்தில் ட்ரெய்லரோடு பின்னுக்கு எடுத்துப் பழகினேன். முதல் நாள் ட்ரெய்லர் நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கமே போனது. மூன்றாம் ஞாயிறு இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் நேராகப் போய் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன், சைகை காட்டிக்கொண்டிருந்த கணவர் கையை இறக்கிவிட்டுச் சும்மா நின்றார்.